காறல் எண்ணெயும் எண்பது வெள்ளைக் குஞ்சும்

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டின தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் அக்கா வீடு. நானும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருந்தேன். மாமா ரயில்வேயில் கலாசி. தண்டவாளம் எங்கே கெட்டுப்போகிறதோ அங்கே போய்விடுவார். மாதத்துக்கு ஒரு தடவை வந்து, நான் இன்னும் போகவில்லையா என்று பார்த்துவிட்டுப் போவார். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு மூன்று நாள் போனவன். எழுத்துக் கூட்டக் கற்றதெல்லாம் பஸ் போர்டைப் பார்த்துத்தான். அதனால் ஊர்ப் பேர்கள் மட்டும் நன்றாகப் படிப்பேன். மற்றதைப் படிக்கச் சொன்னால் கண் வலிக்கிறது என்று சொல்லுவேன்.

வேலை, ஸ்ரீரங்கத்தில் ஒரு காபி கிளப்பில். சமையல்கட்டுக்குள் எனக்கு இடம் கிடையாது. பின்கட்டில் விறகு உடைக்க வேண்டும், தண்ணீர் இறைக்க வேண்டும், பாத்திரம் தேய்க்க வேண்டும். முதலாளி ஐயங்கார். நாமம் போட்டுக்கொள்ளாமல் கல்லாவில் உட்காரமாட்டார். அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு நாள் வடை சுட்ட எண்ணெயை மறுநாள் அடுப்பில் ஏற்றக்கூடாது. சாயங்காலம் வாணலியில் மிச்சம் இருப்பதைப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவார்.

"ஏண்டா, அதையெல்லாம் என்ன பண்றே?" என்று ஒரு நாள் கேட்டார்.

"வண்டிக்காரங்களுக்குக் குடுத்துடறேன் சாமி. அச்சுக்குப் போடுவாங்க."

"பேஷ். நம்மாத்து வடை நாலு ஊர் சுத்தறதுன்னு சொல்லு."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பொய் சொல்லிவிட்டுச் சிரிப்பது எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. அந்த எண்ணெய் போன இடம் தெரிந்திருந்தால் அவர் கிளப்பை மூன்று நாள் கழுவிவிட்டிருப்பார்.

அது போன இடம் அக்கா வீட்டுக் கோழிக்கொட்டகை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதைத் தாண்டி இரண்டு மூன்று வருஷம் இருக்கும். அரசாங்கப் பண்ணையில் வெள்ளைக் குஞ்சு கொடுக்கிறார்கள், சீமை ஜாதி, கூண்டுக்குள்ளேயே வளரும், சீக்கிரம் எடை போடும் என்று பேச்சு வந்தது. இப்போது பிராய்லர் என்று தெருவுக்குத் தெரு தொங்குகிறதே, அதற்கெல்லாம் முன்னாடி. எங்கள் பக்கம் கோழி என்றால் குப்பையைக் கிளறும், கூரைமேல் ஏறும், விருந்தாளி வந்தால் ஓடும். நாள் முழுவதும் உட்கார்ந்தே தின்று வளரும் கோழியை யாரும் பார்த்ததில்லை. அப்படி வளர்ந்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

அக்கா எண்பது குஞ்சு வாங்கினாள். தனியாக இல்லை. எதிர்வீட்டில் ஒரு அம்மா இருந்தார். நெல் மிஷினிலிருந்து தவிடும் குருணையும் வாங்கி வந்து, கூடையில் வைத்துத் தெருத் தெருவாக விற்பார். எல்லோரும் தவிட்டுக்காரம்மா என்போம். அக்காவைவிடப் பத்து வயது பெரியவர். புருஷன் இல்லை. ஒரே மகளை முசிறியில் கட்டிக் கொடுத்திருந்தார். அக்காவும் அவரும் ஒரே அம்மியில் அரைப்பார்கள், ராத்திரிச் சோறு அக்கா உலையில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கொதிக்கும். கோழியை வாரத்துக்கு வளர்ப்பது என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் ஆடு மாடு கோழி எல்லாம் அப்படித்தான்: ஒருத்தர் இடமும் உழைப்பும் போடுவார், மற்றவர் தீனி போடுவார், விளைகிறது பாதிக்குப் பாதி. இடம் அக்காவுடையது. தவிடும் குருணையும் அந்தம்மாவுடையது. கடலைப் புண்ணாக்கையும் கருவாட்டுத் தூளையும் இரண்டு பேரும் மாறி மாறி வாங்குவார்கள். டவுனில் ஒரு மிலிட்டரி ஹோட்டல்காரர், இளசாக, கொழுப்பாக வளர்ந்தால் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

"யக்கா, இது மட்டும் நல்லபடியா ஆச்சுன்னா நீங்க கூடை தூக்க வேண்டாம்," என்பாள் அக்கா.

"நான் கூடையை இறக்கினா உன் தம்பி எங்க போயி உக்காருவான்? அந்தக் கூடைதான் அவனுக்கு நாற்காலி," என்பார் அந்தம்மா. பிறகு என்னைப் பார்த்து, "வாடா தம்பி, வந்து கலக்கு. சோத்துக்கு மட்டும் கையை நீட்டாதே," என்பார்.

தீனி கலக்குவது என் வேலையாக விழுந்தது. பெரிய மரவையில் எல்லாவற்றையும் கொட்டிக் கையால் பிசற வேண்டும். தவிடு பறந்து மூக்கில் ஏறும். குஞ்சுகளும் தும்மும். ஒரு நாள் தூசி பறக்காமல் இருக்க, கிளப்பிலிருந்து கொண்டுவந்த எண்ணெயில் ஒரு கரண்டி விட்டுப் பிசறினேன். தூசி அடங்கியது. குஞ்சுகள் அந்தத் தீனியின் மேல் விழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு நான் ஓடுகிற மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து தினம் ஒரு கரண்டி. அன்றன்றைய எண்ணெய், அன்றன்றைக்கே. பத்தே நாளில் குஞ்சுகளுக்கு ரெக்கை பளபளவென்று வந்தது. கையில் தூக்கினால் கனம் தெரிந்தது. எண்ணெய் தெம்பு கொடுக்கிறது என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததை வெளியே சொல்ல வேண்டுமா இல்லையா? நான் சொல்லவில்லை. கிளப்பில் தெரிந்தால் வேலை போய்விடும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறே. பக்கத்துத் தெருவிலிருந்து வந்து பார்த்தவர்கள் எல்லாம், "எப்படிம்மா இப்படி வளருது?" என்று கேட்டபோது, அக்கா என்னைக் காட்டி, "இவன் கலக்குறான். இவன் கை ராசி," என்றாள். பிறந்ததிலிருந்து அவள் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதை ஒரு கரண்டி எண்ணெய்க்குக் கொடுத்துவிட எனக்கு மனசு வரவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு கரண்டிக்கு இவ்வளவு என்றால் நாலு கரண்டிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு அது. அன்றன்றைய எண்ணெய் நாலு கரண்டிக்குப் போதவில்லை. ஆனால் தோப்பு ஓரத்தில் என்னிடம் ஒரு தகர டின் இருந்தது. கோழி வருவதற்கு ரொம்ப நாளைக்கு முன்னாலிருந்தே கிளப்பு எண்ணெயை அதில் ஊற்றி வைத்திருந்தேன், சோப்புக் காய்ச்சுகிறவன் வருவான் என்று. அவன் வரவேயில்லை. மூடி இல்லாத டின். வெயில், ஈ, தென்னம் மட்டை எல்லாம் அதில் விழுந்து கிடந்தது. எண்ணெய் கெட்டியாகி, கறுத்து, கிட்டே போனால் மூக்கைச் சுளிக்கவைக்கும் காறல் வாடை. மனுஷன்தானே மூக்கைச் சுளிப்பான், கோழிக்கு மூக்கா இருக்கிறது என்று நினைத்தேன். நாலு கரண்டி ஊற்றினேன். வாடை தெரியாமல் இருக்கக் கருவாட்டுத் தூளை ஒரு பிடி கூடப் போட்டேன். அந்த அளவுக்கு மட்டும் மூளை வேலை செய்தது.

நாலைந்து நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காலை, கொட்டகைக்குள் ஒரு குஞ்சு கள் குடித்தவன் மாதிரி தள்ளாடியது. நாலடி நடந்து, பக்கவாட்டில் விழுந்து, இரண்டு காலையும் சைக்கிள் மிதிக்கிற மாதிரி மிதித்தது. தலை முதுகுப் பக்கம் திருகிக்கொண்டு போயிற்று. நான் சிரித்துவிட்டேன். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், நான் சிரித்தேன். "அக்கா, உன் கோழிக்குச் சாமி வந்துடுச்சு" என்று கூப்பிட்டேன்.

அக்கா வந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மத்தியானத்துக்குள் ஏழு குஞ்சுக்குச் சாமி வந்தது. சாயங்காலம் அந்த ஏழும் விறைத்துக் கிடந்தன. மறுநாள் பதினைந்து. தவிட்டுக்காரம்மா ஓடிவந்து, விழுந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாக மடியில் போட்டு, சங்கில் தண்ணீர் புகட்டினார். தலை திருகின குஞ்சு எப்படிக் குடிக்கும்? தண்ணீர் அவர் புடவையில் வழிந்தது.

"தம்பி, நிக்காதேடா. புத்தூர்ல மாட்டாஸ்பத்திரி இருக்காமே. ஒண்ணை எடுத்துக்கிட்டு ஓடு," என்றார். என்னை அனுப்பியது அவர்தான். அதை நான் மறக்கவில்லை.

செத்த குஞ்சு ஒன்று, சாகப் போகிற குஞ்சு ஒன்று, இரண்டையும், ஒரு பிடி தவிட்டுப் பொட்டலத்தையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். காவேரிப் பாலத்தில் போகும்போது உயிரோடு இருந்தது பைக்குள் உதைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "பையில என்னப்பா?" என்றார். "கத்திரிக்காய்ங்க" என்றேன். அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். செத்ததை மேஜையில் வைத்து மண்டையைப் பிளந்தார். கொட்டைப் பாக்கு அளவுக்கு ஏதோ இருந்தது, வீங்கி, மேலே கடுகு கடுகாக ரத்தப் புள்ளி.

"என்ன தீனி போடறே?"

"தவிடு, குருணை, புண்ணாக்கு, கருவாட்டுத் தூள்ங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லீங்க."

அவர் என் கையைப் பிடித்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். "இது என்ன வாடை?"

என் கை என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. சொன்னேன். கரண்டி, டின், வெயில், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எண்ணெய் போட்டது தப்பில்லைய்யா. புது எண்ணெய் அளவாப் போட்டா குஞ்சு நல்லா வளரும். தீனியில தெம்பு கூடும், ரெக்கை பளபளப்பா இருக்கும். நீயே பாத்திருப்பே. ஆனா திரும்பத் திரும்பக் காய்ஞ்சது, வெயில்ல கிடந்து காறல் அடிச்சது, அதைப் போட்டா தீனியில இருக்கிற ஒரு சத்தையே அது அழிச்சுடும். அந்தச் சத்து இல்லேன்னா இளங்குஞ்சுக்கு மூளையில அடி விழும். அதான் தலை திருகுது."

"கோழிக்கு மூளை இருக்குங்களா?"

"இருந்துச்சு. நீ ஊத்தறதுக்கு முன்னாடி."

வழக்கமாக நான்தான் அடுத்தவரை அப்படிக் கேலி செய்வேன். டின்னைத் தூக்கிக் கொட்டு, முளைகட்டின கம்பும் பசுங்கீரையும் கொடு, இன்னும் விழாததைக் காப்பாற்றலாம் என்றார். "தவிட்டுல ஏதாச்சும் கோளாறு இருக்குமாங்க?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்குத் தெரியும். அவர் நான் கொண்டுபோயிருந்த ஒரு பிடி தவிட்டை முகர்ந்து பார்த்து, "தவிடு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில், என்ன சொல்லுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். அக்கா, நான்தான். அக்கா, எண்ணெய். அக்கா, என்னை அடி. மூன்றும் நன்றாகவே வந்தது. வீட்டு வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். நான் போயிருந்த நேரத்துக்குள் இன்னும் பன்னிரண்டு போயிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்தது மூன்றும் வந்த பஸ்ஸோடு போய்விட்டது.

"என்னடா சொன்னாரு?"

"தீனியில ஏதோ கோளாறாம்."

இதுவரைக்கும் பொய் இல்லை.

"தீனியில என்ன? புதுசா வந்தது தவிடு ஒண்ணுதானே. போன வாரம் மிஷின்லேர்ந்து ஒரு மூட்டை வந்துதே, கொஞ்சம் ஈரமா. அதா?"

நான் மஞ்சள் பையை உதறி மடித்தேன். அவள் மறுபடி கேட்டாள், "அதாடா?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, தெரியாது என்றா என்று எனக்கே தெரியாத மாதிரி ஆட்டினேன். பார்க்கிறவர்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அக்கா எப்படி எடுத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. அந்த ஒரு தலையாட்டலுக்குக் குஞ்சு செத்ததெல்லாம் தேவலை.

அன்றைக்கே டின்னைக் கொள்ளிடத்து மணலில் கொட்டி மூடினேன். கம்பு முளைகட்டினேன், கீரை பறித்துப் போட்டேன். அன்றைக்கே அக்கா அந்தத் தவிட்டு மூட்டையை வாசலில் தூக்கிப் போட்டாள். வேறே மிஷினில் வேறே தவிடு வாங்கிவந்தாள். அதற்குள் இன்னும் இருபத்துநாலு போய், மூன்றாம் நாள் சாவு நின்றது. எண்பதில் இருபத்திரண்டு தங்கியது. தவிட்டை மாற்றினதும் சாவு நின்றதா இல்லையா? இதைவிட அத்தாட்சி என்ன வேண்டும்? தெரு முழுக்க அதையே சொன்னது.

தவிட்டுக்காரம்மா எதிர்வீட்டிலிருந்து வந்து மூட்டைக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஏ புள்ள, என்ன இது?"

"என்னன்னு உனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா. அத்தனை வருஷத்தில் அவரை 'உனக்கு' என்று அவள் சொன்னது அன்றுதான். "ஈரத் தவிட்டைக் கொண்டாந்து கொட்டினே. டாக்டரே சொல்லிட்டாரு."

"நானா? நாலு தெருவுக்குப் போடறேன். ஒரு மாடு கழிஞ்சிருக்கா, ஒரு கோழி செத்திருக்கா? எனக்கும்தானே பாதிக் கோழி? என் கோழியை நானே கொல்லுவேனா?"

"வேணும்னு செஞ்சேன்னு சொல்லலை. மலிவாக் கிடைக்குதுன்னு கெட்டதை வாங்கியிருப்பே."

"தம்பி, டாக்டர் அப்படியா சொன்னாரு? நீ சொல்லுடா."

அவர் என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். நான் எப்போதும் போல ஒரு கேலி சொன்னேன். "டாக்டர் சொன்னதுல பாதி இங்கிலீஷு, எனக்கு எங்க வெளங்குச்சு?" தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"சரி," என்றார். "கற்பூரம் அடிப்போம்."

தெருமுனையில் மாரியம்மன். ஒரு தப்பு யார் செய்தது என்று தெரியாவிட்டால் எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். கற்பூரத்தைக் கொளுத்தி, நான் செய்யவில்லை என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்யாக அடித்தவன் குடும்பம் விளங்காது என்று பயம். அந்தப் பயத்தால்தான் ஊரில் பாதி வழக்கு கோர்ட்டுக்குப் போகாமல் இருந்தது.

"தீனியில பட்ட கை மூணு," என்றார் தவிட்டுக்காரம்மா. "என் கை, உன் கை, இவன் கை. மூணு பேரும் அடிக்கணும்."

மறுநாள் காலை. தெருவில் இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள். தவிட்டுக்காரம்மா தலைக்குக் குளித்து ஈரப் புடவையோடு வந்தார். "நான் கொண்டாந்தது நல்ல தவிடு. கெட்டதுன்னு தெரிஞ்சு ஒரு பிடி போட்டிருந்தா என் மகளைக் கேளு ஆத்தா" என்று சொல்லி அடித்தார். நெருப்பு அணைந்தது. அக்கா, "எதையும் நான் கலக்கலை" என்று அடித்தாள். அணைந்தது.

என் முறை. ஆடி மாதம். கொள்ளிடத்துக் காற்று தெருவுக்குள் வந்து சுழற்றிக்கொண்டிருந்தது. பூசாரி என் முன்னால் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். அம்மனைப் பார்க்கப் பயமாக இருந்தது, அந்தம்மாவைப் பார்க்க அதைவிட. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன். கையும் பாதி தூரம் போயிருந்தது. அப்போது ஒரு காற்று வந்து கற்பூரத்தை அணைத்துவிட்டது.

"பாத்தீங்களா!" என்று யாரோ கத்தினார்கள். "ஆத்தாளே அணைச்சுட்டா! அவன் சுத்தம்னு அவ கை காட்டிட்டா!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பூசாரி எனக்கு விபூதி வைத்தார். காற்றுங்க, இன்னொரு கட்டி வையுங்க என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் வாயைத் திறந்து ஒரு கேலியும் சொல்லாமல் மூடினது அந்த ஒரு தடவை.

இரண்டு பேர் கை வைத்து அணைத்தார்கள், ஒருத்தனுக்குச் சாமியே அணைத்தது. அப்புறம் யார் பேரில் சந்தேகம் போகும்? அந்த இரண்டு பேரில் அக்கா கோழிக்காரி. மிச்சம் ஒருத்தர்தான். அடுத்த வாரத்திலிருந்து தவிட்டுக்காரம்மாவைத் தெருவில் யாரும் கூப்பிடவில்லை. மாடு வைத்திருந்தவர்கள் எல்லாம், "நேத்துதான் வாங்கினோம்மா" என்றார்கள். அவர் நிறைந்த கூடையோடு போய் நிறைந்த கூடையோடு வருவார். அக்கா வாசலைத் தாண்டும்போது மட்டும் நடை வேகமாகும். ஆவணி முடிவதற்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு முசிறிக்கு, மகளிடம் போய்விட்டார். சாமான் ஏற்றின வண்டியைத் தள்ளிவிட ஆள் இல்லை. நான் தோப்புக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஞ்சின இருபத்திரண்டு கோழி நன்றாகவே வளர்ந்தது. ஹோட்டல்காரர் வந்து எடுத்துக்கொண்டு, கறி பஞ்சு மாதிரி இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். அக்காவுக்குச் சந்தோஷம் வரவில்லை. ராத்திரி சோறு வடிக்கும்போது பழக்கத்தில் எதிர்வீட்டுக்கும் சேர்த்து அரிசி களைந்துவிடுவாள். பிறகு மறுநாள் அதைப் பழையதாக என்னைத் தின்னச் சொல்லுவாள். அந்தம்மா பங்குச் சோற்றை நான் தினம் தின்றேன். இறங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். நன்றாகத்தான் இறங்கியது. அதுவும் எனக்கு வெட்கமாக இருந்தது.

தை மாதம் அக்கா மறுபடியும் குஞ்சு வாங்கிவந்தாள். கூடையைத் திறந்ததும் நாற்பது மஞ்சள் பஞ்சு உருண்டைகள் கத்தின.

"வாடா, வந்து கலக்கு," என்றாள். "இந்தத் தடவை பங்கு யாருக்கும் இல்லை. உன் கை போதும். ஆத்தாளே சுத்தம்னு சொன்ன கை."

மரவைக்கு முன்னால் உட்கார்ந்தேன். கையை உள்ளே விட முடியவில்லை. அக்கா கேலியாக, "என்னடா, கையில ஆணியா?" என்றாள். வயிற்றுவலி என்று சொல்லி எழுந்தேன். நேராகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். போர்டைப் படித்து முசிறி பஸ்ஸில் ஏறினேன். அக்காவிடம் சொல்லாமல் அங்கே ஏன் போனேன் என்றால், அக்கா அடிப்பாள், அந்தம்மா அடிக்கமாட்டார் என்ற தைரியம்தான். கோழையின் கணக்கு அது.

மகள் வீட்டு வாசலில் உட்கார்ந்து வாழைநார் உரித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க தம்பி" என்றார்.

வாங்க. ஒரு நாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. வாடா என்று கூப்பிட்டிருந்தால் அங்கேயே காலில் விழுந்திருப்பேன். வாங்க என்றதும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

"உக்காருங்க. அக்கா சௌக்கியமா?"

"நான்தான்," என்றேன்.

"என்ன நீங்கதான்?"

சொன்னேன். வழியெல்லாம் நடுவில் போட இரண்டு கேலி யோசித்து வைத்திருந்தேன், எதுவும் வரவில்லை. எண்ணெய், டின், டாக்டர் தவிட்டை முகர்ந்து பார்த்து நல்லது என்று சொன்னது, எல்லாம் சொன்னேன். அவர் நாரை உரிப்பதை நிறுத்தவில்லை. சொல்லி முடித்த பிறகும் இரண்டு மூன்று நார் உரித்தார்.

"தவிடு நல்லாயிருக்குன்னா சொன்னாரு டாக்டரு?"

"ஆமாங்க."

"அன்னிக்கே சொன்னாரா?"

"அன்னிக்கேதாங்க."

"நான் உங்களைக் கேட்டப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவர் கை நின்றது. "எண்ணெய் ஊத்தினது போகட்டும். தெரியாம செஞ்சது. நான் என் மகளை வெச்சு சத்தியம் பண்ணேன். அன்னிக்கு அவ வயித்துல புள்ள. அதுக்கப்புறம் புள்ள பொறக்கற வரைக்கும் தூங்கினேனா நான்? ஒருவேளை அந்த மூட்டை நெஜமாவே கெட்டிருந்து, எனக்குத் தெரியாமப் போயிருந்தா? தெரியாம அடிச்சாலும் பலிக்குமோன்னு. தெனம் அதே நெனப்பு."

உள்ளே ஒரு குழந்தை அழுதது. அவர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு புள்ள" என்றார், எனக்கு இல்லை, தனக்கு.

"என்னை ரெண்டு அடி அடிச்சிடுங்க," என்றேன்.

"அடிச்சா உங்களுக்கு நல்லாயிருக்கும். எனக்கு என்ன?" என்றார். "எங்கிட்ட வந்து சொல்லி என்ன தம்பி பிரயோஜனம்? நான் செய்யலைன்னு எனக்கு இப்போ தெரிஞ்சுது. அது போதும். என்னை நீன்னு பேசினாளே, அவகிட்டப் போயி சொல்லுங்க. மோர் குடிச்சிட்டுப் போங்க, வெயிலு."

குடித்தேன். மறுக்கிற யோக்கியதை எனக்கு ஏது?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அக்கா குஞ்சுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். கொட்டகை வாசலிலேயே சொன்னேன், உட்காரக்கூட இல்லை. நான் நினைத்த மாதிரி அடிக்கவில்லை. கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள்.

"அப்போ கற்பூரம்?" என்றாள்.

"காத்து."

"நீ சொல்லலையே."

"சொல்லலை."

"நான் அவங்களை என்னவெல்லாம் பேசினேன்," என்றாள். நான் பேச வைத்ததை அவள் தன் கணக்கில் எழுதிக்கொண்டாள். நான் செய்ததில் அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நானும் வருகிறேன் என்றேன். "நீ எதுக்கு? உன்னைப் பாத்தா அவங்களுக்குத் திட்ட வர்ற ரெண்டு வார்த்தையும் அடங்கிப்போகும்," என்றாள். இருட்டுவதற்குள் திரும்பி வந்தாள். தவித்துக்கொண்டு பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"என்னக்கா ஆச்சு?"

"சோறு போட்டாங்க. சாப்பிட்டேன். அவங்க எதுவும் கேக்கலை, எனக்கும் சொல்ல வரலை. பேரன் என் மடியில தூங்கிட்டான், அவனை எறக்கிப் போட்டுட்டு வந்தேன்."

"இங்க வருவாங்களா?"

"வரமாட்டாங்க," என்றாள் அக்கா. "நானா இருந்தாலும் வரமாட்டேன்."

தெருவில் எல்லோரிடமும் அக்காவே போய்ச் சொன்னாள், வீடு வீடாக. என் பேரைச் சொல்லித்தான் சொன்னாள். கொஞ்ச நாள் என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் தெருவில் நடந்தால் பேச்சு நிற்கும். அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அந்தம்மாவுக்கு நடந்ததில் ஒரு கால் பங்காவது எனக்கு நடக்கிறதே என்று. ஆனால் நான் ஆம்பளை, அதுவும் கோமாளி. ஆறே மாதத்தில் எல்லோரும் மறந்துவிட்டு, "என்னடா, இன்னிக்கு யார் கோழிக்கு எண்ணெய்?" என்று சிரிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் சிரித்தபோது நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்தம்மாவை மட்டும் யாரும் போய் அழைத்துவரவில்லை.

அக்கா அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை, அமாவாசை கழிந்ததும், முசிறிக்குப் போய்வந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது என்றாள். எவ்வளவு வந்தது, என்ன பேசினார்கள் என்று சொல்லமாட்டாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போய் அவளை ஏற்றிவிடுவது நான்தான். ஒவ்வொரு தடவையும் ஜன்னலுக்குக் கீழே நின்று, "நான் கேட்டேன்னு சொல்லு" என்று சொல்ல நினைப்பேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார். பஸ் நகரும். நான் பையைத் தூக்கின கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டு அங்கேயே நிற்பேன்.